ஒரே கேட்டில் ஆளும் ஃபோர்க்லிஃப்ட்டும்

ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கரங்களால் லோடைத் தூக்கி நகர்த்தும் வண்டி) என்றால் சென்னை, ஓசூர்ப் பக்கத்துப் பெரிய கம்பெனிச் சமாச்சாரம் என்று செட்டிநாட்டில் நாம் நினைத்திருந்த காலம் போய்விட்டது. காரைக்குடியைச் சுற்றி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், திருமயம் என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் ரோட்டோரத்தில் ஒரு டைல்ஸ் குடோனோ, கிரானைட் யார்டோ, ரைஸ் மில்லோ கண்ணில் படும். உள்ளே எட்டிப் பார்த்தால், எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும் சிலவற்றிலாவது, மஞ்சளோ ஆரஞ்சோ அடித்த ஒரு ஃபோர்க்லிஃப்ட் நிற்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருக்கும், இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகைக்கு வந்ததாக இருக்கும். தலைச்சுமையில் அரை நாள் எடுத்த லோடு இப்போது சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுகிறது. லோடுமேன்களின் கழுத்தும் முதுகும் தப்பித்தன, அதில் எனக்கு முழுச் சந்தோஷம்.

ஆனால் வண்டி மாறிய வேகத்துக்கு இடம் மாறவில்லை. இந்தக் குடோன்களில் பல, ஆள் தலையில் சுமந்து நடப்பதற்கும், மாட்டு வண்டியும் சின்ன டெம்போவும் வந்து போவதற்கும் கட்டப்பட்டவை. ஒரே கேட், உள்ளே ஒரே பாதை. காலையில் கையெழுத்துப் போட வருகிறவர், சாக்கு தைக்கிற அக்கா, கூட்டுகிறவர், தண்ணீர் குடிக்கப் போகிறவர், பில் வாங்க வந்த வாடிக்கையாளர், லாரி கிளீனர், எல்லாரும் நடப்பது அந்தப் பாதையில்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓடுவதும் அதே பாதையில்தான். விபத்து நடந்தால் "டிரைவர் பார்க்கலை" என்பார்கள், இல்லாவிட்டால் "அந்தாள்தான் குறுக்கே வந்துட்டார்" என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் நாள் முழுக்க ஆளும் வண்டியும் ஒரே பாதையில் போகிற இடத்தில், ஒருவர் ஒரு தடவை கவனிக்காமல் போவது நடந்தே தீரும். அந்த ஒரு தடவைக்கு உயிரோ காலோ விலையாகாதபடி இடத்தை மாற்றி அமைப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் இந்த வண்டியைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது காரும் இல்லை, டிராக்டரும் இல்லை. பார்க்கக் கட்டையாக, சின்னதாகத் தெரியும். ஆனால் 2.5 டன் தூக்கக்கூடிய ஒரு ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே 3.5 டன்னிலிருந்து 4 டன் வரை வரும். முன்னால் தூக்குகிற எடைக்கு ஈடாகப் பின்னால் ஒரு பெரிய இரும்புக் கட்டையை வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு கனம். முழு லோடோடு சேர்த்தால் 6 டன்னைத் தாண்டிவிடும். ஒரு சின்னக் கார் ஒரு டன் சுற்றித்தான் இருக்கும். மெதுவாகத்தானே வருகிறது, மோதினால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை மனதில் போட்டுப் பார்க்க வேண்டும். இதில் மோதி விழுவதைவிட, சக்கரத்துக்கு அடியிலோ வண்டிக்கும் சுவருக்கும் நடுவிலோ மாட்டிக்கொள்வதுதான் பயங்கரம், அதற்கு வேகமே தேவையில்லை.

அடுத்தது ஸ்டியரிங். காரில் முன்சக்கரம் திரும்பும், இதில் பின்சக்கரம் திரும்பும். டிரைவர் இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் முன்பக்கம் அமைதியாக இடது பக்கம் போகும், பின்பக்கத்து இரும்புக் கட்டையோ வலது பக்கம் சட்டென்று வீசும். வண்டி தன்னைத் தாண்டிப் போய்விட்டது, இனிமேல் பயமில்லை என்று சுவரை ஒட்டி நிற்கிற ஆள் மாட்டுவது இந்த இடத்தில்தான். நடக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்தால் இதைச் சொல்லிக்கொடுங்கள்: ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவில், ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் மூட்டை அட்டிக்கும் நடுவில் நிற்கவே கூடாது, அது நின்றுகொண்டிருந்தாலும் சரி.

பிரேக் விஷயமும் இப்படித்தான். மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது நமக்கு ஒன்றுமே இல்லாத வேகமாகப் படும். அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 2.8 மீட்டர் போகிறது. ஆளைப் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகிறது என்று வையுங்கள், பிரேக்கை மிதிக்கும் முன்னாலேயே 4 மீட்டருக்கு மேல் போயிருக்கும். மிதித்த பிறகும் லோடு இருக்கும் வண்டியைச் சடாரென்று நிறுத்த முடியாது, நிறுத்தினால் முன்னால் இருக்கிற லோடு சரிந்து விழும், வண்டியே முன்பக்கம் குடைசாயலாம். ஆக, குடோன் மூலையில் திடீரென்று வெளிப்படுகிற ஒருவருக்கும் வண்டிக்கும் இடையில் 3 மீட்டர்தான் இருக்கிறது என்றால், எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் அங்கே அவர் கையில் எதுவும் இல்லை.

பார்வையோ இன்னும் மோசம். கண்ணுக்கு நேராக லோடை ஏற்றி இறக்கும் மாஸ்ட் கம்பிகள், சங்கிலி, ஹைட்ராலிக் பைப்பு. அதற்கு முன்னால் லோடு. ஒரு பேலட் (லோடுக்கு அடியில் வைக்கிற தட்டு) நிறைய டைல்ஸ் பெட்டியோ உயரமாக அடுக்கிய தவிட்டு மூட்டையோ இருந்தால் முன்னால் எதுவுமே தெரியாது. அப்படிப்பட்ட லோடை ரிவர்ஸில் ஓட்ட வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. சாய்தளத்தில் ஏறும்போது மட்டும் லோடு மேட்டுப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதால் ரிவர்ஸ் கூடாது, அப்போது வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும். நம் பக்கம் என்ன நடக்கிறது? டிரைவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, தலையைப் பக்கவாட்டில் நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓட்டுகிறார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் ஓட்டுவது வலிக்கிற வேலை, அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. லோடின் உயரத்தைக் குறைத்து அடுக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும், நடை இரண்டு கூடும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் நியோஷ் என்கிற அரசு ஆய்வு நிறுவனம் 1980 முதல் 1994 வரை அந்த நாட்டில் ஃபோர்க்லிஃப்ட் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இறந்த 1,021 தொழிலாளர்களின் விவரத்தை ஆராய்ந்தது. வண்டி கவிழ்ந்ததால் இறந்தவர்கள் 22 சதவீதம். நடந்துகொண்டோ நின்றுகொண்டோ இருந்தபோது வண்டி மோதி இறந்தவர்கள் 20 சதவீதம். வண்டியால் நசுங்கி இறந்தவர்கள் 16 சதவீதம். பழைய கணக்குதான், வேறு நாட்டுக் கணக்குதான். ஆனாலும் அது காட்டுகிற விஷயம் முக்கியம், இந்த வண்டியால் ஆபத்து ஓட்டுகிறவருக்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு அதன் பக்கத்தில் நடக்கிறவருக்கும் இருக்கிறது. பயிற்சி என்று வரும்போது நாம் டிரைவரை மட்டும் அனுப்புகிறோம், நடக்கிறவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம், பாடப் புத்தகத்தில் இல்லாத சில விஷயங்கள் இங்கே உண்டு. முதலாவது, வெயில். சித்திரை வைகாசியில் மதியம் 12 மணிக்குச் செம்மண் யார்டில் நின்று பாருங்கள், கண் கூசும். அந்த வெளிச்சத்திலிருந்து தகரக் கூரை போட்ட குடோனுக்குள் வண்டி நுழைகிற நேரத்தில் டிரைவர் கண்ணுக்கு உள்ளே இருப்பது வெறும் கறுப்பு. கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குள் வண்டி வாசலைத் தாண்டி உள்ளே பல மீட்டர் போய்விடும். அதே வாசல் வழியாகத்தான் ஆட்கள் வெளியே வருகிறார்கள், அவர்களுக்கோ வெளியே வந்ததும் கண் கூசுகிறது. இரண்டு பேருமே பார்க்க முடியாத இடம் வாசற்படி. இதற்கு விலை குறைந்த மருந்து இருக்கிறது: வாசலை ஒட்டிய கூரையில் இரண்டு மூன்று வெளிச்சம் விடும் ஃபைபர் ஷீட் போடுவது, பகலிலும் வாசல் பக்கத்து லைட்டை எரியவிடுவது, வாசலில் வண்டி முழுசாக நின்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்று தரையில் ஒரு கோடு. அந்த இடத்தில் வேகத்தடை மட்டும் போட்டுவிடாதீர்கள், இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, லோடு குலுங்கிச் சரியும்.

இரண்டாவது, நிழல். யார்டில் மரம் இல்லையென்றால் ஆட்கள் எங்கே உட்காருவார்கள்? குடோன் சுவரின் நிழலில், நிற்கிற லாரியின் நிழலில், சில நேரம் நிற்கிற ஃபோர்க்லிஃப்ட்டின் நிழலிலேயே. காலையில் நிழல் மேற்குப் பக்கம் விழும், மதியத்துக்கு மேல் கிழக்குப் பக்கம் போகும், ஆட்களும் நிழலோடு நகர்வார்கள். டிபன் சாப்பிட்டுவிட்டு லாரிக்குப் பின்னால் கொஞ்சம் கண்ணசந்த ஆளை டிரைவர் எப்படிப் பார்ப்பார்? "அங்க உக்காராதே" என்று போர்டு எழுதி மாட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள், வெயில் அப்படி. வண்டி போகாத மூலையில் ஒரு தகரக் கொட்டகையோ ஓலைக் கொட்டகையோ போட்டு, அதில் ஒரு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வைத்தால் ஆட்கள் தானாக அங்கே போவார்கள். ஒரு குடோனில் மனிதர்கள் நடக்கிற பாதையைத் தீர்மானிப்பது தரையில் அடித்த பெயிண்ட் இல்லை. தண்ணீர், கழிப்பறை, கையெழுத்து நோட்டு, டீ, இந்த நான்கும் எங்கே இருக்கிறதோ அதுதான் தீர்மானிக்கிறது. இவற்றில் எதையாவது எடுக்க ஃபோர்க்லிஃப்ட் பாதையைக் கடக்க வேண்டியிருந்தால், அதை இடம் மாற்றுங்கள்.

மூன்றாவது, சத்தம். ரைஸ் மில்லில் எலிவேட்டரும் ப்ளோயரும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். அங்கே ரிவர்ஸ் போனால் பீப் பீப் என்று அடிக்கிற கருவி யார் காதில் விழும்? மூக்கையும் காதையும் துண்டால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள் வேறு, தூசி அப்படி. துண்டு காதை மட்டுமல்ல, கண்ணின் ஓரப் பார்வையையும் மறைக்கும். மூலையில் மாட்டிய குவி கண்ணாடி இரண்டு நாளில் உமித்தூசி படிந்து மங்கிவிடுகிறது, தினமும் துடைப்பது யார் வேலை என்று பெயர் எழுதாவிட்டால் யாரும் துடைக்க மாட்டார்கள். தரையில் நீல வெளிச்சம் காட்டுகிற விளக்கு வண்டிகளில் வருகிறது, நல்ல கருவிதான். இருட்டான குடோனுக்குள் அருமையாகத் தெரியும், ஆனால் நம் ஊர் மதிய வெயிலில் வெளியே வந்துவிட்டால் அது இருப்பதே தெரியாது. பேட்டரி வண்டிகள் புகை இல்லாததால் நல்லவை, ஆனால் அவை வருகிற சத்தமே கேட்காது. எந்தக் கருவியை வாங்கினாலும் நம் இடத்தில், நம் வெளிச்சத்தில், நம் சத்தத்தில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், விற்கிறவர் ஏசி அறையில் காட்டியதை நம்பாதீர்கள்.

இனி, பிரிப்பது. செட்டிநாட்டு வீட்டை யோசித்துப் பாருங்கள். ஒரு தெருவில் முகப்பு, உள்ளே வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். விருந்தாளி வருகிற வாசல் வேறு, விறகும் தண்ணீரும் வேலையாட்களும் வருகிற வாசல் வேறு. நம் முன்னோர் வீட்டுக்குச் செய்ததை நாம் குடோனுக்குச் செய்யவில்லை. பெரிய கேட்டுக்குப் பக்கத்தில், காம்பவுண்ட் சுவரை உடைத்து, ஆள் போக மூன்றடி அகலத்தில் ஒரு சின்னக் கதவு. இது ஒரு கொத்தனாரின் சில நாள் வேலை. அங்கிருந்து ஆபீஸ் வரைக்கும், கொட்டகை வரைக்கும் ஜிஐ பைப்பில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு, அதையும் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து வாங்கலாம். பைப் தடுப்பு 6 டன் வண்டியைத் தாங்கி நிறுத்தாது, ஆனால் ஆள் நினைவில்லாமல் வண்டிப் பாதைக்குள் கால் வைப்பதைத் தடுக்கும். வண்டி திரும்புகிற மூலைகளில் மட்டும் காங்கிரீட் நிரப்பிய தடித்த இரும்புக் குழாய்களை ஆழமாக ஊன்றினால் வண்டியையும் தாங்கும். கட்டாயம் கடக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன கேட் வையுங்கள், அது நடக்கிறவர் தன் பக்கம் இழுத்துத் திறப்பதாக, விட்டால் தானாக மூடிக்கொள்வதாக இருக்கட்டும். தள்ளித் திறக்கிற கேட்டில் ஆள் நடை வேகத்திலேயே வெளியே போய்விடுவார், இழுத்துத் திறக்கிற கேட் அவரை ஒரு நொடி நிறுத்திவிடும், அந்த ஒரு நொடியில் தலை தானாக இரண்டு பக்கமும் திரும்பும்.

மஞ்சள் கோடு போதாதா என்று கேட்பார்கள். போதாது. தை, மாசியில் நெல் வந்து குவிகிற நேரத்தில் அந்த மஞ்சள் கோட்டுக்குள் முதலில் போய் உட்காருவது மூட்டைதான். "நாளைக்கு எடுத்துரலாம்ணே" என்று வைத்த பத்து மூட்டை பங்குனி பிறந்தும் அங்கேயே இருக்கும். நடக்கிறவர் கோட்டை விட்டு இறங்கி வண்டிப் பாதையில் நடப்பார், அவருக்கு வேறு வழி இல்லை. பைப் தடுப்பு போட்ட பாதையில் மூட்டையை அடுக்குவது அவ்வளவு சுலபம் இல்லை. இடம் பிரிக்கவே முடியாத அளவுக்குச் சின்ன குடோன் என்றால் நேரத்தைப் பிரிக்கலாம்: காலை 7 முதல் 9 வரை வண்டி ஓடும், அப்போது ஆள் உள்ளே வரக்கூடாது, அப்புறம் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு ஆட்கள் வேலை. கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆனால் செய்ய முடியும்.

லாரியோடு வருகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு நம் இடத்தின் எந்தப் பழக்கமும் தெரியாது. லோடு இறக்கும்போது கிளீனர் லாரியின் மறுபக்கம் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் ஃபோர்க் உள்ளே போய்க் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் மறுபக்கத்துப் பெட்டி அவர் தலையில் விழும். கணக்கெழுதுகிற தம்பி நோட்டும் கையுமாக வண்டிக்கும் லாரிக்கும் நடுவில் நிற்பார், எண்ணிக்கை தப்பினால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில் அவர் கண் பெட்டி மேலேயே இருக்கும், முதுகு வண்டியைப் பார்த்து இருக்கும். அவருக்கு எண்ண வசதியாக ஓரத்தில் உயரமான ஒரு மேடை கட்டிக்கொடுத்தால் நடுவில் வந்து நிற்கவே மாட்டார். லாரி டிரைவர், கிளீனர் இருவரும் லோடு இறங்கும்வரை கொட்டகையில் உட்கார வேண்டும், லாரிச் சாவி குடோன்காரர் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதி லோடில் லாரி நகர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

கிரானைட் யார்டில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். 3 மீட்டருக்கு 1.8 மீட்டர், 2 சென்டிமீட்டர் தடிமன் உள்ள ஒரு ஸ்லாப் கிட்டத்தட்ட 290 கிலோ. அதை ஃபோர்க்கில் பெல்ட் போட்டுத் தொங்கவிட்டு வண்டி நகரும், ஆடாமல் இருக்க இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கையால் பிடித்தபடி கூடவே நடப்பார்கள், செருப்புக் காலோடு. "பிடிச்சுக்கிட்டேதாண்ணே வர்றோம், விழாது" என்பார்கள். 290 கிலோ சரிய ஆரம்பித்தால் மனிதக் கை அதை நிறுத்தாது. ஸ்லாப்பின் உயரத்தைவிட நீளமான கயிற்றைக் கட்டித் தள்ளி நின்று பிடிக்க வேண்டும், ஸ்லாப் சாய்ந்தால் விழுகிற பக்கத்தில் யாருமே இருக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, தொழிற்சாலைக்குள்ளோ மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்துவதற்கென்றே அமைந்த வண்டியை மோட்டார் வாகனம் என்கிற வரையறையிலிருந்தே விலக்கிவிடுகிறது. அதாவது காம்பவுண்டுக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டை ஆர்டிஓ வந்து சோதிக்கப் போவதில்லை. "அவன்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு" என்பது இந்த வண்டிக்கு ஒரு தகுதியே இல்லை, பின்சக்கரம் திரும்புகிற வண்டி வேறு ஜாதி. யார் ஓட்டலாம் என்று முடிவு செய்து, பயிற்சி கொடுத்து, எழுத்தில் அனுமதி தருகிற பொறுப்பு முழுக்க முதலாளியுடையது. அமெரிக்காவில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டக்கூடாது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை டிரைவரின் திறமையைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நாமும் அதை எடுத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் இத்தனை காலம் 1948 தொழிற்சாலைகள் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020 தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் தொழிற்சாலை எனக் கருதப்பட முன்பு 10 தொழிலாளர் போதும், இப்போது 20 வேண்டும். நம் பக்கத்துச் சின்ன மில்களும் யார்டுகளும் பல இந்த 10க்கும் 20க்கும் நடுவில்தான் நிற்கின்றன. ஆனால் 10 பேர் இருந்தாலே அது ஒரு நிறுவனமாகக் கருதப்பட்டு, பாதுகாப்பான பணியிடம் தருகிற கடமை முதலாளிக்கு வந்துவிடுகிறது. பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது சாதாரணத் தொழிற்சாலையில் 500 தொழிலாளர் இருந்தால்தான், ஆகவே நம் குடோனுக்கு அப்படி ஒருவர் வரப்போவதில்லை, மேஸ்திரியும் சூப்பர்வைசரும்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும். தொழிலாளிக்கும் உரிமை இருக்கிறது: உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து உடனே வரும் என்று நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடம் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தினக்கூலிக்கு வருகிற அக்காவுக்கு இது நடைமுறையில் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், மறுநாள் வேலை இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். அதனால்தான் அவர் வாய் திறக்க வேண்டிய நிலைமையே வராமல் இடத்தைச் சரிசெய்யச் சொல்கிறேன்.

கடைசியாக டிரைவர் அண்ணன் தம்பிகளுக்கு. சீட் பெல்ட் போடுங்கள். வண்டி சாயும்போது குதிக்கத் தோன்றும், குதித்தால் வண்டியின் கூரைக் கம்பி உங்கள் மேலேயே விழும். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, வண்டி சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து உள்ளேயே இருங்கள். காலி ஃபோர்க்கோ லோடோ, ஓடும்போது தரையிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். பல்பு மாட்ட ஆளைப் பேலட்டில் ஏற்றித் தூக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள், சொன்னது முதலாளியாக இருந்தாலும். டீ குடிக்க இறங்கும்போது ஃபோர்க்கைத் தரையில் படியவைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி வண்டியிலேயே இருந்தால் யாராவது ஒரு பையன் ஆசைக்கு ஓட்டிப் பார்ப்பான். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம், அன்றைக்குக் குடோனும் காலியாக, சுத்தமாக இருக்கும். பிரேக், ஹாரன், சங்கிலி, டயர் எல்லாவற்றையும் மெக்கானிக்கை வைத்துப் பார்க்கவும், அழிந்த கோடுகளைத் திரும்ப அடிக்கவும், சாய்ந்த தடுப்பை நிமிர்த்தவும் வருஷத்தில் அதைவிட வசதியான நாள் கிடையாது. தினசரிச் சோதனை தனி, அது காலையில் சாவி போடும் முன்னால் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிற ஐந்து நிமிட வேலை.